மொய் நோட்டு டேட்டாபேஸ்: தமிழை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்ய நினைக்கும் வேலைகளில் ஒன்று வீட்டுக் கணக்கை அதில் ஏற்றுவது. முகவரிப் பட்டியல், சீட்டுக் கணக்கு, கடைப் பாக்கி, மொய் நோட்டு என ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதைத் தமிழிலேயே ஏற்ற வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசைதான். நானும் அப்படி ஆசைப்பட்டு, தவறாகச் செய்து, 27 பேரின் பெயரைத் தொலைத்தேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

எனக்கு நடந்தது

2003ல் எங்கள் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. நாங்கள் மதுரைப் பக்கம். எங்கள் ஊரில் மொய் என்பது வெறும் அன்பளிப்பு அல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் 501 ரூபாய் எழுதியிருந்தால், அவர் வீட்டு விசேஷத்தில் நாம் அதற்குக் குறையாமல் எழுத வேண்டும். குறைந்தால் மனஸ்தாபம். பெயரே தெரியாமல் போய்விட்டால் அதைவிட மோசம்.

திருமணம் முடிந்ததும் மொய் நோட்டில் இருந்த 386 பெயர்களையும் ஆக்சஸ் 2000 டேட்டாபேஸில் ஏற்றினேன். அப்போது என்னிடம் இருந்தது விண்டோஸ் 98. டிடிபி வேலை செய்யும் நண்பர் கொடுத்த ஒரு தமிழ் பாண்டைப் போட்டுக் கொண்டேன். பெயர், ஊர், தொகை என்ற பீல்டு பெயர்களையும் அதே பாண்டில்தான் டைப் செய்தேன். டேபிளின் பெயரும் தமிழ்தான். திரையில் எல்லாம் தமிழாகத் தெரிந்தபோது ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. “கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுல்லப்பா, இனி நோட்டு எதுக்கு?” என்று அப்பா நோட்டைப் பரணில் போட்டுவிட்டார். அங்கே கரையான் அதைக் கவனித்துக் கொண்டது.

2007ல் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். 27 பேர் மொய் எழுதினார்கள். அப்போது விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாறியிருந்தேன். யூனிகோடில் டைப் செய்யவும் பழகியிருந்தேன். பழைய டேபிளில் பழைய பாண்ட் இருந்ததால், இந்த 27 பேரையும் நோட்பேடில் தனியாக டைப் செய்து சேமித்தேன். சேமிக்கும்போது ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமலேயே ஓகே கொடுத்தேன். பேப்பரில் எழுதியிருந்ததையும் கிழித்துப் போட்டேன்.

2009ல் உறவினர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. “அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சாங்கன்னு பாருப்பா” என்றார் அம்மா. பழைய டேபிளைத் திறந்தால், தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. நோட்பேடு பைலைத் திறந்தால் பெயர் இருந்த இடமெல்லாம் வெறும் கேள்விக்குறிகள். தொகைகள் மட்டும் சரியாக இருந்தன.

முதல் பைலை மீட்டுவிட்டேன். இரண்டாவதை இன்று வரை மீட்க முடியவில்லை. இந்த வித்தியாசம் ஏன் என்று புரிந்து கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது

கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிப்பதில்லை. எண்களைத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலுக்குக் குறியீட்டு முறை என்று பெயர். ஆங்கிலத்துக்கான ஆஸ்கி பட்டியல் 1963ல் வந்தது. அதில் 128 இடங்கள். பெரிய ஏ எழுத்துக்கு 65, சிறிய ஏ எழுத்துக்கு 97, கேள்விக்குறிக்கு 63. பின்னர் வந்த பட்டியல்களில் ஒரு பைட் முழுவதையும் பயன்படுத்தி 256 இடங்கள் கிடைத்தன. கூடுதல் இடங்களில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் உட்கார்ந்தன.

பழைய தமிழ் பாண்டுகள் செய்தது ஒரு தந்திரம். எண்ணை மாற்றாமல் அந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டன. பாண்ட் இருக்கும் வரை தமிழ் தெரியும். பாண்டை எடுத்துவிட்டால் அடியில் இருந்த ஐரோப்பிய எழுத்து வெளியே வந்துவிடும். ஒவ்வொரு பாண்ட் தயாரிப்பாளரும் ஒவ்வொரு இடத்தில் ‘க’வை வைத்திருந்தார்கள். இதை ஒழுங்குபடுத்த 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்களைத் தமிழக அரசு ஏற்றது. இணையத்தில் டிஸ்கி என்ற முறையும் புழங்கியது. ஆனாலும் பல பாண்டுகள் தம் போக்கிலேயே இருந்தன.

யூனிகோடு இந்தத் தந்திரத்தை ஒழித்தது. 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. 2944 முதல் 3071 வரை உள்ள 128 இடங்கள் தமிழுடையவை. ‘அ’ என்றால் 2949, ‘க’ என்றால் 2965. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதே எண்தான். 2010ல் தமிழக அரசும் யூனிகோடை அரசுத் தரமாக அறிவித்தது.

இந்த எண்களைப் பைலில் எழுதி வைக்கும் முறைகளில் இன்று பரவலாக இருப்பது யூடிஎப்-8. 1992ல் கென் தாம்ப்சன், ராப் பைக் இருவரும் உருவாக்கியது. இதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ‘க’ என்பது 224, 174, 149 என்ற மூன்று எண்களாகப் பதிவாகும். இந்த 3 பைட் கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கொம்பு முளைத்த எழுத்தா, கேள்விக்குறியா?

தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் எண்கள் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடிதான் தவறு. யூடிஎப்-8 பைலைப் பழைய பட்டியலின்படி திறந்தாலும் இப்படித்தான் தெரியும். சரியான முறையைத் தேர்ந்தெடுத்துத் திறந்தாலோ, பழைய பாண்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்தினாலோ தமிழ் திரும்ப வரும். என் 386 பெயர்களும் இப்படித்தான் திரும்பின.

வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால், உடனே எதையும் சேமிக்காமல் நிறுத்துங்கள். தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத பட்டியலில் அதைச் சேமிக்கச் சொன்னால், மென்பொருள் அந்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு 63 என்ற எண்ணைப் போடும். ‘மு’வுக்கும் 63, ‘ரா’வுக்கும் 63. சேமித்த பிறகு எது எதுவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என் நோட்பேடு பைலை ஆன்சி முறையில் சேமித்தபோது நடந்தது இதுதான். அந்த எச்சரிக்கையும் இதைத்தான் சொன்னது.

அம்மா நினைவிலிருந்து 19 பேரைச் சொன்னார். மீதி 8 பேர் யார் என்று இன்றும் தெரியாது. “இனிமே யாரு பத்திரிகை வச்சாலும் போயிட்டு வந்துரு” என்றார். எட்டு வரிகளுக்காக நான் போய் வந்த விசேஷங்கள் நிறைய.

பெயர் வேறு, தகவல் வேறு

386 பெயர்களை மீட்ட பிறகும் என் தலைவலி தீரவில்லை. அதற்குக் காரணம் பீல்டு பெயர்கள்.

டேபிளில் இருப்பவை இரண்டு வகை. முத்துச்சாமி, உசிலம்பட்டி, 501 என்பவை தகவல்கள். ‘பெயர்’, ‘ஊர்’, ‘தொகை’ என்று மேலே இருப்பவை பீல்டு பெயர்கள். ஒரு தகவல் கெட்டால் அந்த ஒரு வரி மட்டும் கெடும். பீல்டு பெயரை மாற்றினால் அதைச் சொல்லிக் கூப்பிடும் பாரம், குவெரி, ரிப்போர்ட் எல்லாம் தடுமாறும். கம்ப்யூட்டர் பெயரை நம்மைப் போலப் படித்துப் பார்ப்பதில்லை, எண்ணுக்கு எண் ஒத்துப் பார்க்கிறது.

புதிய டேபிளில் யூனிகோடில் ‘ஊர்’ என்று பீல்டு வைத்தேன். பழைய குவெரிகளோ பழைய பாண்டின் எண்களைக் கொண்ட ‘ஊர்’ என்ற பீல்டைத் தேடின. அது கிடைக்காததால் ‘என்டர் பாராமீட்டர் வேல்யூ’ என்ற பெட்டி வந்து நின்றது. ஆக்சஸில் இந்தப் பெட்டி எதிர்பாராமல் வந்தால், ஏதோ ஒரு பெயர் ஒத்துப் போகவில்லை என்று பொருள். குவெரி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய பாண்டில் பெயர் வைத்த காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆக்சஸ் பீல்டு பெயரில் புள்ளி, ஆச்சரியக்குறி, சதுர அடைப்புக்குறி ஆகியவை வரக் கூடாது. என் பாண்டில் ஒரு தமிழ் எழுத்து சதுர அடைப்புக்குறியின் இடத்தில் இருந்தது. அந்த எழுத்து வரும் பெயரை ஆக்சஸ் ஏற்கவே இல்லை. காரணம் தெரியாமல் ஒரு நாள் முழுக்க விழித்தேன்.

யூனிகோடு வந்த பிறகும் பெயரில் சிக்கலா?

இன்றைய டேட்டாபேஸ்கள் யூனிகோடு தமிழில் பெயர் வைக்க அனுமதிக்கின்றன. ஆக்சஸ், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ்கியூஎல் எல்லாவற்றிலும் வைக்கலாம். ஆனால் இரண்டு குழிகள் இருக்கின்றன.

முதல் குழி, நீளம். ‘மொய்கொடுத்தவர்களின்பெயர்’ என்பதை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் 14 எழுத்துகள். யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’ ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். ‘ர்’ என்பதும் இரண்டு. இப்படிக் கூட்டினால் 24 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 72 பைட். போஸ்ட்கிரஸ்கியூஎல்லில் பெயருக்கு உள்ள வழக்கமான எல்லை 63 பைட், அதாவது 21 தமிழ்க் குறியீடுகள். அதற்கு மேல் இருந்தால் வெட்டிவிடும். நம் பெயர் ‘மொய்கொடுத்தவர்களின்பெ’ என்று நின்றுவிடும். ஆரக்கிளில் 12.1 பதிப்பு வரை எல்லை 30 பைட், அதாவது 10 தமிழ்க் குறியீடுகள்தான். 12.2 முதல் அது 128 பைட் ஆனது. ஆக்சஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் பைட்டாக எண்ணாமல் 64 குறியீடுகள் வரை விடுகிறார்கள். அதனால் ஒன்றில் சரியாக இருந்த பெயர் இன்னொன்றுக்குப் போகும்போது சிக்கலாம்.

இரண்டாவது குழி, பார்க்க ஒன்றாக இருக்கும் இரட்டைகள். ‘கோ’ என்பதில் வரும் ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் பதியலாம். ஏகாரக் குறி 3015, கால் 3006 என்று இரண்டு எண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒரே ‘கோ’தான். எந்த மென்பொருளில் டைப் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. ஆனால் போஸ்ட்கிரஸ்கியூஎல் போன்றவை பீல்டு பெயர்களை எண்ணுக்கு எண்தான் ஒத்துப் பார்க்கும். ஒரே டேபிளில் ‘கோவில்’ என்ற பெயரில் இரண்டு பீல்டுகள் உருவாகலாம். எது எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இதே இரட்டைகள் தகவலிலும் வரலாம். அங்கே ‘கோபால்’ தேடலில் கிடைக்காவிட்டால், வரிசையைப் பார்த்துக் கண்டுபிடித்துத் திருத்திக் கொள்ளலாம். பெயரில் வந்தால் எல்லாமே நின்றுவிடும்.

அப்படியானால் என்ன செய்வது?

வழி எளிது. உள்ளே இருக்கும் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். வெளியே தெரியும் தலைப்பும் தகவலும் தமிழில் இருக்கட்டும். ஆங்கில எழுத்து என்றுதான் சொன்னேன், ஆங்கிலச் சொல் என்று சொல்லவில்லை. தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதலாம். இதில் ஒரு லாபமும் உண்டு. நேம், டேட் போன்ற ஆங்கிலச் சொற்களை ஆக்சஸ் தன் சொந்த வேலைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. அவற்றைப் பீல்டு பெயராக வைத்தால் குழப்பம் வரும். ‘பெயர்’, ‘தேதி’ என்பவற்றை ஆங்கில எழுத்தில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

இப்போது செய்து பார்ப்போம்.

1. விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்டு லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துக் கொள்ளுங்கள். தமிழ் கீபோர்டு வந்துவிடும். தனி பாண்ட் எதுவும் வேண்டாம். யூனிகோடு தமிழைக் காட்டும் பாண்ட் விண்டோஸிலேயே இருக்கிறது.

2. ஆக்சஸைத் திறந்து காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்குங்கள். கிரியேட் டேபில் டேபிள் டிசைன் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

3. பீல்டு நேம் பகுதியில் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள். பெயருக்குப் பி, இ, ஒய், ஏ, ஆர். ஊருக்கு ஓ, ஓ, ஆர். தொகைக்கு டி, எச், ஓ, ஜி, ஏ, ஐ. எல்லாம் சிறிய எழுத்து. இடைவெளி வேண்டாம். இரண்டு சொல்லானால் நடுவில் அடிக்கோடு போடுங்கள்.

4. டேட்டா டைப் பகுதியில் பெயருக்கும் ஊருக்கும் ஷார்ட் டெக்ஸ்ட் என்று கொடுங்கள். 2013க்கு முந்தைய ஆக்சஸில் இதற்கு டெக்ஸ்ட் என்று பெயர். தொகைக்கு கரன்சி கொடுங்கள்.

5. முதல் பீல்டில் கர்சரை வைத்து, கீழே உள்ள ஜெனரல் பகுதியைப் பாருங்கள். அங்கே கேப்ஷன் என்ற வரி இருக்கும். அதில் ‘மொய் கொடுத்தவர் பெயர்’ என்று தமிழில் டைப் செய்யுங்கள். மற்ற பீல்டுகளுக்கும் இப்படியே தலைப்பு கொடுங்கள்.

6. டேபிளை ஆங்கில எழுத்தில் ‘மொய்’ என்று பெயர் கொடுத்துச் சேமித்து, டேட்டாஷீட் வியூவுக்கு மாறுங்கள். தலைப்புகள் எல்லாம் தமிழில் நிற்கும். இனி பாரம் தயாரித்தாலும் இதே தமிழ்த் தலைப்பு வரும்.

நாளை ‘பெயர்’ என்பதை ‘திருப்பெயர்’ என்று மாற்ற ஆசை வந்தால் கேப்ஷனை மட்டும் மாற்றுங்கள். உள்ளே எதுவும் அசையாது. ஆக்சஸ் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸில் இதையே செய்யலாம். அங்கே பாரத்தில் உள்ள லேபிள்களைத் தமிழில் மாற்றிக் கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘ஊர்’ என்பதை ஒரு டேபிளில் ஓ, ஓ, ஆர் என்றும் இன்னொன்றில் யு, ஆர் என்றும் எழுதாதீர்கள். எதை எப்படி எழுதினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

பைலை வெளியே கொண்டு போகும்போது

தமிழ் கெடுவது பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியில்தான்.

நோட்பேடில் சேமிக்கும்போது சேவ் ஆஸ் பெட்டியின் கீழே என்கோடிங் என்ற இடத்தைப் பாருங்கள். அதில் யூடிஎப்-8 இருக்க வேண்டும். 2019ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் நோட்பேடு தானாகவே யூடிஎப்-8ஐ எடுத்துக் கொள்கிறது. பழைய கம்ப்யூட்டரில் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

எக்செல் 2016 முதல் பல பதிப்புகளில் ‘சிஎஸ்வி யூடிஎப்-8’ என்ற தனி வகை இருக்கிறது. தமிழ்ப் பட்டியல் என்றால் வெறும் சிஎஸ்வியைத் தவிர்த்து இதையே தேர்ந்தெடுங்கள். டெக்ஸ்ட் பைலை ஆக்சஸுக்குள் இம்போர்ட் செய்யும்போது அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, கோட் பேஜ் என்ற இடத்தில் யூனிகோடு யூடிஎப்-8 என்று கொடுங்கள்.

பின்னாளில் வெப்சைட் வைத்து மைஎஸ்கியூஎல் பயன்படுத்த நினைப்பவர்கள் யூடிஎப்8எம்பி4 என்ற முறையைத் தேர்வு செய்யுங்கள். 2018ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அதுவே வழக்கமான முறை. அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழுக்கு இடமில்லாத லத்தீன் பட்டியலே வழக்கமாக இருந்தது.

அகர வரிசையையும் ஒருமுறை சோதியுங்கள். யூனிகோடு அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வருகிறது. அதனால் வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் கமலா, கலா இருவருக்கும் முன்னால் கன்னியப்பன் வந்து நிற்பார். முறைப்படி அவர் கடைசியில் வர வேண்டும். தமிழ் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

ஐந்து பேரோடு ஆரம்பியுங்கள்

நூற்றுக்கணக்கான பெயர்களை ஏற்றிவிட்டுச் சோதிக்காதீர்கள். முதலில் ஐந்து பேரை மட்டும் டைப் செய்யுங்கள். பென் டிரைவில் பிரதி எடுத்து வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். தேடிப் பாருங்கள், அடுக்கிப் பாருங்கள், பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மீதியை ஏற்றுங்கள். எச்சரிக்கைப் பெட்டி வந்தால் முழுவதும் படித்த பிறகே பதில் கொடுங்கள்.

முக்கியமாக, மொய் நோட்டைப் பரணில் போடாதீர்கள். நான் இப்போது ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் பட்டியலைத் தமிழிலேயே பிரிண்ட் எடுத்து, நோட்டோடு சேர்த்து அம்மாவின் பீரோவில் வைத்து விடுகிறேன். போன வருடம் ஒருவர் தானாக வந்து, “உங்க அண்ணன் கிரகப்பிரவேசத்துக்கு நான் 201 எழுதினேனேப்பா” என்று நினைவுபடுத்தினார். கேள்விக்குறி பைலைத் திறந்து பார்த்தேன். 201 என்று ஒரே ஒரு வரிதான் பெயரில்லாமல் மீதம் இருந்தது. கேள்விக்குறிகளை அழித்துவிட்டு அவர் பெயரை டைப் செய்தேன். இன்னும் ஏழு பேர் பாக்கி.